ஏழாம் எண் பம்ப் அறை

அன்று தென் குவிமாடத்தில், நல்லபெருமாள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: நல்லபெருமாள், அவர் மனைவி காந்திமதி, மகள் வடிவு, சம்பந்தம் பேச வந்த கோமதிநாயகம், அவர் மகன் இளம்பரிதி, இவர்களுக்கு நடுவே, முக்காலி உயரத்தில், மாநகர மன்றம் அனுப்பிய சாட்சிப்பொறி. வேறு யாரும் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டதாகச் சொல்லித் திரியும் அடுத்த வீட்டுக்காரர் அந்த நேரத்தில் கீழ்த்தளத்தில் காற்று வடிகட்டி மாற்றிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க் கிரகத்தில் சம்பந்தம் பேசும்போது ஜாதகம் பார்ப்பதில்லை. பூமியில் நின்று வானத்தைப் பார்த்துப் போட்ட கட்டங்கள் இங்கே செல்லாது என்று குடியேறிய முதல் தலைமுறையே விட்டுவிட்டது. பதிலாக முதல் வேலை பார்ப்பார்கள். இரு வீட்டுப் பெரியவர்களும் தாங்கள் முதன்முதலில் எங்கே, யாரிடம் வேலை பார்த்தார்கள், என்ன கஷ்டப்பட்டார்கள் என்று சபையில் சொல்ல வேண்டும். பிறகு மாப்பிள்ளை தன் முதல் வேலையைச் சொல்லுவார். சாட்சிப்பொறி பதிந்துகொள்ளும். திருப்தியானால், தொட்டியில் வளர்க்கும் பச்சைப் பாசியில் கிண்டிய பாசி அல்வா கொடுப்பார்கள். இல்லையென்றால் வெறும் தண்ணீர்.

நல்லபெருமாள் அதுவரை மூன்று மாப்பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பியிருந்தார். அவர் குடும்பத்தில் முதல் வேலை சொல்ல முடியாதவர் என்று ஒருவரும் கிடையாது. அந்த வரிசை தன் காலத்தில் உடையக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

வடிவுக்கு இது தெரியும். அதனால்தான் அவள் முழுவதையும் அப்பாவிடம் சொல்லவில்லை. குவிமாடங்களை இணைக்கும் சுரங்க ரயில் ஓடத் தொடங்கிய மாதம், அவள் பாடம் நடத்தும் பள்ளியின் பாசித் தொட்டி பழுதாகிவிட்டது. மேற்குக் குவிமாடத்திலிருந்து வந்து அதைச் சரிசெய்தவன் இளம்பரிதி. ஆறு மாதமாகப் பழக்கம். "வேலை தெரிஞ்சவர்ப்பா" என்று மட்டும்தான் அவள் அப்பாவிடம் சொல்லியிருந்தாள். அது பொய்யல்ல. ஆனால் மன்றத்தின் பணிப்பயிற்சியில் ஒரு வருடம் இருந்தவர்களுக்குக் கிடைக்கும் முதல் வேலைச் சான்று அவனிடம் இல்லை.

வழக்கப்படி பெண் வீட்டார் முதலில் பேச வேண்டும். நல்லபெருமாள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பதினெட்டு வயசு எனக்கு. இளைஞர் பணிப்பயிற்சித் திட்டத்துல ஒரு வருஷம். ஏழாம் எண் பம்ப் அறை. பத்தாவது மாசம் வால்வு மாட்டிக்கிச்சு. சக்கரத்தை விட்டா மொத்தக் குவிமாடத்துக்கும் தண்ணி கிடையாது. நாற்பது நிமிஷம் நான் ஒருத்தனாப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கொதிக்குது. விடலையே."

வலது உள்ளங்கையைத் திறந்து காட்டினார். பெருவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு தழும்பு வளைந்து இறங்கியது. காந்திமதி இதை எத்தனையோ முறை பார்த்தவள், ஆனாலும் தலையசைத்தாள்.

"அப்புறம் மேஸ்திரி சோணாசலம் வந்தார். வாயைத் திறந்தா வசவுதான் வரும், அப்படிப்பட்ட மனுஷன். பேசாம ஃபிளாஸ்க்கைத் திறந்து..."

"மூடியில பாதி டீ ஊத்திக் கொடுத்தார்," என்றார் கோமதிநாயகம்.

நல்லபெருமாள் நிறுத்தினார்.

"'நீ ஆளுடா தம்பி'ன்னார்," என்று கோமதிநாயகம் தொடர்ந்தார். அவர் குரல் இறங்கியிருந்தது. "சொல்லிட்டுத் திரும்பிப் பார்க்காமப் போயிட்டார்."

"என் பொண்ணு சொன்னாளா உங்ககிட்ட?"

கோமதிநாயகம் தன் வலது கையை நீட்டி விரித்தார். அதே இடம். அதே வளைவு.

"நல்லா இருக்குய்யா!" என்று நல்லபெருமாள் எழுந்துவிட்டார். "என் கதையைத் திருடி, கையிலயும் வரைஞ்சுக்கிட்டு, என் வீட்டுக் கூடத்துலயே வந்து உட்கார்ந்திருக்கீரு!"

"வார்த்தையை அளந்து பேசணும். அந்த வருஷம் நான் மேற்குக் குவிமாடத்தை விட்டு ஒரு அடி வெளியே வைக்கலை. ஏழாம் எண் பம்ப் அறை எங்க ஊர்ல இருக்கு."

"எங்க ஊர்ல இருக்கு!"

"யாராவது ஒருத்தர் திரும்பப் போய்ப் பார்த்திருக்கீங்களா?" என்று வடிவு கேட்டாள்.

இருவரும் பார்த்ததில்லை. பயிற்சி முடிந்ததும் அறையை மூடிவிட்டதாக இருவருக்கும் சொல்லப்பட்டிருந்தது.

இளம்பரிதி சாட்சிப்பொறியின் பக்கம் திரும்பினான். "இவங்க ரெண்டு பேரோட பயிற்சிப் பதிவையும் படி."

பொறி படித்தது. அதன் குரலில் கூச்சமும் இல்லை, இரக்கமும் இல்லை. அந்த ஆண்டு அறுபது குவிமாடங்களிலும் பதினெட்டு வயது நிரம்பியவர்கள் பதினெட்டாயிரம் பேர். அவர்களுக்குக் கொடுக்க வேலை எதுவும் இல்லை. ஆனால் வேலையில்லாதவர் எவருமில்லை என்று மன்றம் பூமிக்கு அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. ஆகவே அவர்களைப் பயிற்சியில் சேர்த்து, துயிலறைத் தட்டுகளில் ஒரு வருடம் தூங்க வைத்தார்கள். தூங்குகிறவனுக்கு மூச்சுக்காற்றும் குறைவாகப் போதும். எழுப்புமுன் ஒவ்வொரு மூளையிலும் ஒரு வருட வேலையின் நினைவு பதியம் வைக்கப்பட்டது. நினைவுகள் மொத்தம் முந்நூறுதான்; எல்லாக் குவிமாடங்களுக்கும் அவையே. ஒரு குவிமாடத்தில் ஒரு நினைவு ஒருவருக்கு மட்டும். பதியம் வைக்கும்போது, துயிலறைக்குப் போவதற்கு முந்தைய ஒரு மாத நினைவு அழிந்துவிடும். தட்டில் ஏறிப் படுத்ததை யாரும் நினைவுகூரக் கூடாது என்பதற்காக.

"தழும்பு?" என்றார் நல்லபெருமாள்.

"பதியம் எண் நூற்று நாற்பத்தெட்டின் இணைப்பு. பதினோராவது மாதத்தில் இடப்பட்டது."

"இதை ஏன் இத்தனை நாள் சொல்லலை?"

"இரகசியக் காலம் நாற்பது ஆண்டு. அது முடிந்து இரண்டு ஆண்டாகிறது. யாரும் கேட்கவில்லை."

நல்லபெருமாள் மெல்ல உட்கார்ந்தார். அவருடைய அப்பா ஒருநாளும் அவரைப் பாராட்டியதில்லை. பிற்காலத்தில் நீர்வாரியத்தில் முந்நூறு பேருக்கு மேலாளராக இருந்தபோது, எத்தனையோ சங்கடங்களில் அவர் சாய்ந்து நின்றது ஒரே ஒரு வாக்கியத்தின் மேல்தான்.

"மேஸ்திரி சோணாசலம் இப்போ... இருக்காரா?"

"அப்படி ஒருவர் இருந்ததில்லை."



காந்திமதிதான் முதலில் பேசினாள். "வருஷா வருஷம் அந்தத் தேதியில அவருக்குன்னு பாதி டம்ளர் டீ போட்டு வைக்கச் சொல்வீங்களே. முப்பத்தஞ்சு வருஷமாப் போட்டு வெச்சிருக்கேன். அது யாருக்குங்க?"



"எங்க வீட்லயும் வைப்போம்," என்றார் கோமதிநாயகம் தரையைப் பார்த்தபடி.

ஒருவரை ஒருவர் திருடன் என்று நினைத்த இருவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், வலது கையை மடியில் மூடி வைத்துக்கொண்டு. வடிவுக்கு அழுகை வந்தது. கூடவே ஒரு நம்பிக்கையும் வந்தது. இனி அப்பா எந்த முகத்தோடு சான்று கேட்பார்?

சாட்சிப்பொறி நடைமுறையை மறக்கவில்லை. "மாப்பிள்ளை தன் முதல் வேலையைச் சொல்லலாம்."

இளம்பரிதி மறைக்கவில்லை. "எனக்குச் சான்று இல்லை, மாமா. முப்பத்தொரு இடத்துல மனு போட்டேன். எல்லாரும் முன் அனுபவம் கேட்டாங்க. திட்டத்துல சேரச் சொன்னாங்க. ஒரு வருஷம் போயிட்டு வந்த என் சினேகிதங்களுக்கு ஒரு ஸ்பேனர் பிடிக்கத் தெரியலை. அதனால நான் சேரலை. ஆறு வருஷமா அக்கம்பக்கத்துப் பாசித் தொட்டி, காற்றுக்குழாய், என்ன உடைஞ்சாலும் நான்தான் பார்க்கிறேன். யாரும் சீட்டு எழுதித் தந்ததில்லை."

அவன் கையையும் எல்லோரும் பார்த்தார்கள். சிறுசிறு வெட்டுகள், நகக்கண்ணில் பச்சைக் கறை, ஒன்றுக்கொன்று பொருந்தாத ஏழெட்டுத் தழும்புகள். அந்தக் கூடத்தில் வேலை செய்து வந்த தழும்புகள் அவை மட்டும்தான்.

நல்லபெருமாள் அதைக் கவனமாகப் பார்த்தார். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"திட்டம் இப்பவும் நடக்குதா?" என்று பொறியிடம் கேட்டார்.

"நடப்பில் உள்ளது. அடுத்த சேர்க்கை திங்கட்கிழமை."

"போய்ச் சேர்ந்துக்க, தம்பி. ஒரு வருஷம். வந்ததும் கல்யாணம்."

"அப்பா!" வடிவு எழுந்துவிட்டாள். "இவ்வளவு கேட்ட பிறகுமா? அது வெறும் தூக்கம்ப்பா!"

"நாங்க மட்டும் தூங்காமலா வந்தோம்?" என்றார் நல்லபெருமாள். "நாலு பேர் இருக்கிற சபையில என் மாப்பிள்ளை முதல் வேலை சொல்லணும். தொட்டி கழுவினேன், சீட்டு இல்லைன்னு சொல்ல முடியாது. எங்களை ஏமாத்திட்டாங்கன்னு நாளைக்கு ஊர் சிரிக்கும். சிரிக்க விடணுமா? இங்கே கேட்டது இங்கேயே இருக்கட்டும்."

இளம்பரிதி தன் அப்பாவைப் பார்த்தான். இந்த மனிதராவது வாய் திறப்பார் என்று அவன் எதிர்பார்த்தான். கோமதிநாயகம் திறக்கவும் செய்தார்.

"சம்பந்தி சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குல்ல. எல்லாரும் போயிட்டு வந்ததுதானேப்பா. ஒரு வருஷம் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிடும்."

அந்தச் சொற்களின் பொருத்தத்தை அவரே கவனிக்கவில்லை. இளம்பரிதி கணக்குப் பார்த்தான். சான்று இல்லாமல் இந்த வீட்டில் பெண் கிடைக்காது. எந்த வீட்டிலும் கிடைக்காது. வேலையும் கிடைக்காது. அவன் வடிவைப் பார்த்தான்; அவள் தலையை அசைத்து வேண்டாம் என்றாள். அவன் சரி என்றான்.

விடைபெறும்போது நல்லபெருமாள் அவன் தோளில் கை வைத்தார். அதுவரை இல்லாத கனிவு ஒன்று அவர் குரலில் இருந்தது.

"பயப்படாதே. இன்னிக்குக் கேட்டதெல்லாம் அழிஞ்சிடும். எழுந்து வரும்போது உனக்குன்னு ஒரு மேஸ்திரி இருப்பார்."

பாசி அல்வா பரிமாறப்பட்டது. வடிவு சாப்பிடவில்லை. சில மாதங்கள் கழித்து, மேஸ்திரி சோணாசலத்துக்கு டீ வைக்கும் தேதி வந்தபோது, காந்திமதி வழக்கம்போல் பாதி டம்ளர் டீ வைத்தாள். யாரும் வைக்கச் சொல்லவில்லை. யாரும் எடுக்கச் சொல்லவுமில்லை.

நல்லபெருமாளின் மாப்பிள்ளை வடதுருவத்தில் பனி வெட்டும் வேலையில் இருக்கிறார், அங்கே மேலதிகாரிகளிடம் நல்ல பெயர் எடுத்துவிட்டார் என்று தென் குவிமாடத்தில் இப்போது பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையல்ல. அவர் இரண்டாம் அடுக்கில், நானூற்றுப் பன்னிரண்டாம் தட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறார்.