அண்ணன் கொடுத்த முடி

வெயில் மண்டையைப் பிளக்கிற மத்தியானத்தில், தலை சீவிய சீப்பில் உறைபனி ஒட்டிக்கொண்டு வந்தால் யாருக்கும் சிரிப்பு வராது. சின்னவனுக்கும் வரவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், மின்விசிறி சூட்டையே சுற்றிச் சுற்றி வீசிக்கொண்டிருக்க, அவன் சீப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பொடுகு என்றுதான் முதலில் நினைத்தான். விரலால் தொட்டதும் சுருக்கென்று குளிர்ந்து, கரைந்து, நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீராக நின்றது. உச்சி காய்ந்துதான் இருந்தது. நெற்றிக்கு மேலே, புதிதாக நட்ட முன்வரிசையில் மட்டும் அந்த வெள்ளை.

அந்த முன்வரிசை சும்மா வந்ததல்ல. வழுக்கைக்கு முடி நட முதலில் போன கிளினிக்கில், பிடரியில் இருந்த தடித்தடி முடிகளையெல்லாம் பிடுங்கி, நெற்றியில் நேர்கோடு போட்டு விறைப்பாக நட்டு அனுப்பிவிட்டார்கள். கடையில் மறுநாளே பெயர் வைத்தாயிற்று, பிரஷ். கண்ணாடி போட்டுப் பார்க்க வந்தவர்கள் தங்கள் முகத்தை விட்டுவிட்டு அவன் நெற்றியைப் பார்த்தார்கள். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டான். மனைவி மட்டும், "வழுக்கையா இருந்தப்பவே லட்சணமாத்தான் இருந்தீங்க, யார் கேட்டா?" என்று அலுத்துக்கொண்டாள்.

கெட்டதைச் சரிசெய்கிற டாக்டரைத் தேடிப் பிடித்தபோது அவனோடு துணைக்குப் போனவன் பெரியவன். இரண்டு பேரும் ஒரே பிரசவம், ஒரே அச்சு. சில நிமிடம் முந்திக்கொண்ட உரிமையில் அவன் பெரியவன். டாக்டர் பெரிதுபடுத்திக் காட்டும் கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். முன்னால் இருக்கிற தடித்த முடியை ஒவ்வொன்றாக எடுத்துப் பின்னால் தள்ளிவிடலாம், ஆனால் முன்னால் நடுவதற்கு மெல்லிய முடி வேண்டும், எடுக்கத்தான் பிடரியில் ஒன்றும் மிச்சமில்லை என்றார்.

பெரியவன் தன் தலையை நீட்டினான். "என்கிட்ட எடுத்துக்கோங்க டாக்டர். அம்மா வயித்துல இவன் பங்கையும் நான்தான் தின்னேன்னு எல்லாரும் சொல்வாங்க. திருப்பிக் குடுத்துடறேன்."

டாக்டர் சிரித்தார். பிறகு யோசித்தார். மற்றவர் முடியை உடம்பு ஏற்காது. ஒரே அச்சு இரட்டையருக்கு மட்டும் அந்தப் பேதம் தெரியாது. பரிசோதனைகள் எல்லாம் முடித்து, பெரியவனின் பிடரியிலிருந்து எடுத்துச் சின்னவனின் நெற்றியில் நட்டார். முடி அழகாக வளர்ந்தது. பிரஷ் என்ற பெயர் தானாக உதிர்ந்துபோனது. சின்னவன் மறுபடியும் நிமிர்ந்து நடந்தான்.

சீப்பைக் கீழே வைத்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டான்.

"டேய், எங்க இருக்க?"

"இப்பத்தான் ஃப்ரீசர் ரூம்லேர்ந்து வெளிய வரேன். மூக்கு இருக்கா இல்லையான்னே தெரியல. என்ன விஷயம்?"

"தலையில தொப்பி போட்டிருந்தியா?"

"மறந்துட்டேன். ஏன், எனக்குக் குளிர்ந்தா உனக்கு ஜலதோஷம் பிடிக்குதா?" பெரியவன் கடகடவென்று சிரித்தான். மீனும் இறைச்சியும் அடுக்கி வைக்கிற குளிர்பதனக் கிடங்கில் அவனுக்கு வேலை. அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே சின்னவனின் நெற்றியில் பனி உருகி வழிந்தது.

அதற்கப்புறம் அது தொடர்கதையாயிற்று. ஒரு நாள் காலையில் இவன் பேப்பர் படித்துக்கொண்டிருக்கையில் முன்முடியில் நுரை பொங்கியது. மனைவி விரலால் வழித்து முகர்ந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"இது நம்ம சோப்பு இல்லீங்க. உங்க அண்ணன் வீட்டு சோப்பு."

"டாக்டர்கிட்ட சொன்னேன். நரம்பு விழிச்சுக்கிற நேரம், அப்படித்தான் தோணும்ங்கறார்."

"வேற யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க. இப்பத்தான் சிரிக்கறதை நிறுத்தியிருக்காங்க."

அவளும் தொட்டாள், அவளும் பயந்தாள். ஆனாலும் அவனை மறுபடி ஊர் சிரிக்கக் கூடாது என்பது அவளுக்குப் பெரிதாக இருந்தது. அவனுக்கும்தான். அதனால் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அந்த நாள் வந்தபோது சின்னவன் ஒரு அம்மாளுக்கு ஃப்ரேம் மாட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். சுற்றிலும் கண்ணாடி. அந்த அம்மாள் புதுக் கண்ணாடி வழியே அவனையே பார்த்தாள். "என்ன தம்பி, தலையில வெள்ளையா ஏதோ இருக்கே?" அவன் பின்னறைக்கு ஓடித் துடைத்தான். மறுபடி படிந்தது. துடைத்தான். படிந்தது. மற்ற நாட்களில் கொஞ்ச நேரத்தில் அண்ணன் வெளியே வந்துவிடுவான், உருகிவிடும். இன்று உருகவில்லை. முடி ஒவ்வொன்றும் கம்பியாக விறைத்து, சீப்புப் பட்டால் கிணுகிணு என்று சத்தம் போட்டது. அவற்றின் வழியாகக் குளிர் நெற்றி எலும்புக்குள் இறங்கியது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. பெரியவன் எடுக்கவில்லை. கிடங்கு ஆபீசுக்குப் போட்டான். சூப்பர்வைசர் எடுத்தார்.

"உள்ளதான் எங்கயாவது இருப்பாரு. போய்த் தேடணுமா? அவசரமா ஏதாவது?"

சின்னவன் வாயைத் திறந்தான். அறை வாசலில், கடையில் கூட வேலை பார்க்கிற இரண்டு பேர் சாய்ந்து நின்று, அவன் தொப்பியால் தலையை அமுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து ஏற்கெனவே உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்வான்? என் தலை பனி கட்டியிருக்கிறது, போய் அண்ணனைப் பாருங்கள் என்றா?

"இல்ல சார். சும்மாதான்."

சாயங்காலம்தான் கண்டுபிடித்தார்கள். ஃப்ரீசர் ரூம் கதவை உள்ளேயிருந்து திறக்கிற கைப்பிடி சிக்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்து, கண்ணை விரித்துப் பார்த்து, உயிர் எப்போதோ போய்விட்டது என்றார்கள். கட்டையாக விறைத்திருந்தான். அண்ணி அவன் கையைத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், யார் சொல்லியும் விடவில்லை. சின்னவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் பெட்டியில் மல்லாக்கப் படுக்க வைத்து அடக்கம் செய்தார்கள். அதுவரைக்கும் சின்னவனின் முன்முடி ஜில்லென்றுதான் இருந்தது. செத்தவனின் குளிர் என்று நினைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து குளித்து, தலை துவட்டி, விளக்குப் போடாமல் சமையலறையில் உட்கார்ந்தான். குழாய் சொட்டியது. வெளியே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள், அந்தச் சத்தம் தேய்ந்து போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தான். பொழுது இறங்கி, ஜன்னல் கம்பிகளின் நிழல் சுவரேறி மங்கிக்கொண்டிருந்தபோது, நெற்றிக்கு மேலே எதுவோ இளகியது.

குளிர் விட்டுப்போயிருந்தது.

தொட்டான். வெதுவெதுப்பு.

ஒரு சொட்டு புருவத்தில் இறங்கி மூக்கோரமாக வழிந்து உதட்டுக்கு வந்தது. குளித்த தண்ணீர் என்று நக்கினான். கரித்தது.

உச்சியைத் தடவினான். காய்ந்திருந்தது. பக்கவாட்டில். காய்ந்திருந்தது. முன்வரிசை மட்டும் நனைந்து, நனைந்து, சொட்டிக்கொண்டிருந்தது.

மனைவி விளக்கைப் போட்டாள். அவன் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"வேர்வை," என்றான். "இது வேர்வைடி. செத்தவனுக்கு எப்படி வேர்க்கும்?"

அவள் பக்கத்தில் வந்து, உள்ளங்கையை அவன் நெற்றியில் வைத்தாள். அப்போது அவள் கைக்கடியில் முடி அசைந்தது. காற்றில்லை. யாரோ பின்னந்தலையை எதிலோ தேய்க்கிற மாதிரி, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

ஓடினார்கள். அவள் வண்டியின் பின்னால் உட்கார்ந்து ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். புதைத்தவர் உயிரோடு இருக்கிறார் என்றதும் அந்தப் பக்கம் திட்டிவிட்டு வைத்தார்கள். மறுபடி போட்டாள். இடுகாட்டு வாசலில் குழி வெட்டுகிறவர் எழுந்து தடுத்தார். அழுகிறவர்களை அவர் நிறையப் பார்த்தவர். சின்னவன் அவர் மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனான்.

மண் இன்னும் இறுகவில்லை. வெட்டி வெட்டி எறிந்தான். மூச்சு வாங்கியது. உடம்பெல்லாம் வியர்த்தது. எது தன் வியர்வை, எது அண்ணன் வியர்வை என்று இப்போது தெரியவில்லை.

"தொட்டுப் பாரு! கையை எடுக்காத! இருக்கா?"

அவள் குழி ஓரத்தில் மண்டியிட்டு அவன் முன்முடியைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கு. ஈரமா இருக்கு. அசையுது."

வெட்டினான்.

"இருக்கா?"

"இருக்குங்க."

குழி வெட்டுகிறவரும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு மண்வெட்டியோடு இறங்கினார். அவர் வெட்டினால் மண் மளமளவென்று வந்தது. இடுப்பளவு. அதற்கும் கீழே.

"இருக்கா?"

"ஈரமாத்தான் இருக்கு. நீங்க வெட்டுங்க."

"அசையுதா?"

"வெட்டுங்க."

மண்வெட்டி மரத்தில் இடித்தது. சின்னவன் குனிந்து காதை வைத்தான். ஒன்றுமில்லை. தன் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் கேட்டது. நிமிர்ந்தான். அவள் கை இன்னும் தலையில் இருந்தது. அவன் அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு, தானே தொட்டான்.

முன்முடி காய்ந்திருந்தது. மொரமொரவென்று, எப்போதோ காய்ந்திருந்தது.

"ஈரமாத்தான் இருக்கு," என்றாள் அவள். கண்ணீர் மூக்கோரமாக ஒழுகியது. "ஈரமாத்தாங்க இருக்கு."

குழி வெட்டுகிறவர் மூடியை நெம்பினார். ஆணிகள் கீச்சென்று கத்திக்கொண்டு வந்தன. போன் வெளிச்சம் ஆடி ஆடி உள்ளே விழுந்தது.

மல்லாக்கக் கிடத்திய பெரியவன் குப்புறக் கிடந்தான். முழங்கால்களை வயிற்றுக்குக் கீழே மடக்கி, முதுகால் மூடியை முட்டித் தள்ளிய வாக்கிலேயே உயிர் விட்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டி ஈரம் பளபளத்தது. சின்னவன் கையை வைத்தான். முதுகு இன்னும் சூடாக இருந்தது.