பெரியவன் ஓட்டிய ஜீப்

அப்பா போய் நாற்பது நாள் ஆகியிருந்தது. அவருடைய பழைய ஜீப்பைத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதால் பெரியவன் காலையிலேயே தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றான். அன்று ஒரு நாளைக்கு இருவரும் வண்டியை மாற்றிக்கொண்டார்கள். பள்ளிக்கூட வாத்தியாரான சின்னவனுக்கு, மலையிலிருந்து இறங்கி நகரத்துக்குப் போய்ச் சோதனைக்காரர்களிடம் பதில் சொல்லும் சாமர்த்தியம் கிடையாது. அண்ணனுடைய சின்னக் காரில் ஏறிக் கையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

பெரியவனுக்கு வயிறு எரிந்தது. டயர் கடை வைத்திருப்பவன் அவன். இருபது வருஷமாக அந்த ஜீப்புக்கு ஆயில் மாற்றியது, கிரீஸ் அடித்தது, அடியில் மல்லாந்து படுத்து ஸ்பிரிங் பட்டை மாற்றியது எல்லாம் அவன்தான். சேறோ பாறையோ, நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்து ஏறிவிடும் வண்டி. அப்படிப்பட்ட வண்டியை, படுக்கையில் கிடந்த அப்பா சொந்தபந்தம் எல்லோருக்கும் முன்னால் சின்னவனுக்கு என்று சொல்லிவிட்டார். உனக்குத்தான் ஒரு டப்பா கார் இருக்கிறதே என்று இவனைப் பார்த்து ஒரு வார்த்தை வேறு.

சோதனை முடிந்து திரும்பும்போது மணி மூன்று. மலையில் பாதி ஏறியதும் தூறல் பிடித்தது. பட்டப்பகலிலேயே பனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் சாலை தெரியவில்லை. ஈரத் தார்ப்பாயின் வாடையும் டீசல் வாடையும் மூக்கில் ஏறின.

அந்த ஜீப்பில் மேட்டில் கியரைக் குறைக்க கிளட்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும். பெரியவனுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. சின்னவனுக்கு எத்தனை சொல்லிக் கொடுத்தும் வராது. ஒவ்வொரு முறையும் கியர் கறகறவென்று கத்தும், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பார். அதே தப்பைப் பெரியவன் ஒரு தடவை செய்தபோது முதுகில் ஓர் அடி விழுந்தது.

இன்று ஈரச் செருப்பு வழுக்கிவிட்டது. கியர் கத்தியது.

"மெதுவாடா, சின்னவனே."

பெரியவன் திரும்பிப் பார்த்தான். பக்கத்து சீட்டில் யாரும் இல்லை.

சீட்டு மட்டும் ஆள் உட்கார்ந்த மாதிரி அமுங்கியிருந்தது.

இறங்கி ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அந்தக் குரலில் அத்தனை பிரியம் இருந்தது. நாற்பத்தைந்து வயதுவரை அவனுக்குக் கிடைக்காத பிரியம். இன்னொரு தடவை கேட்கவேண்டும் போலிருந்தது.

அடுத்த வளைவில், வேண்டுமென்றே கியரைக் கத்தவிட்டான்.

"கை வலிக்குதா? விடு, பழகிடும்."

பெரியவனின் கண் நிறைந்தது, நெஞ்சு எரிந்தது. இத்தனையையும் ஒருத்தனே வாங்கித் தின்றிருக்கிறான் என்று நினைத்தான். தம்பியைப் போலவே குரலைக் குழைத்துக்கொண்டு கேட்டான்.

"அண்ணன் பாவம்ல, அப்பா?"

"அவன் எப்படியும் பொழச்சுக்குவான். அவன் பேச்சு எதுக்கு?"

பிறகு குரல் காதருகே வந்தது.

"அங்க தனியா இருக்க முடியலடா. உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். முன்னாடி வளைவு வருது. திருப்பாதே."

ஸ்டியரிங்கின் மேல் ஏதோ சில்லென்று படிந்தது. பெரியவன் ஒடித்துப் பார்த்தான். அசையவில்லை. தடுப்புச் சுவர் இடிந்த இடமும், அதற்கப்பால் வெறும் வெள்ளைப் பனியும் நேர் எதிரே வந்தன.

நான் அவன் இல்லை என்று கத்த வாயைத் திறந்தான். நாக்கு ஒட்டிக்கொண்டது.

கால் மட்டும் தானாக வேலை செய்தது. கிளட்சை இரண்டு முறை மிதித்தான். கியர் வெண்ணெயில் இறங்குவதுபோல் சத்தமில்லாமல் விழுந்தது.

"ஓ. நீயா."

அவ்வளவுதான். ஸ்டியரிங் இளகியது. ஜீப் விளிம்பை உரசித் திரும்பி நின்றது. பக்கத்துக் கதவு திறந்து மூடிக்கொண்டது. அமுங்கியிருந்த சீட்டு மெல்ல மேலே எழும்பியது.

பெரியவன் மூச்சு விட்டான். பிழைத்தோம் என்று நினைத்த மறுநொடியே, அவர் யாரைத் தேடிப் போகிறார் என்பது உறைத்தது. மணி நாலேகால். பள்ளிக்கூடம் விட்டிருக்கும்.

போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டான். மூன்றாவது ரிங்கில் சின்னவன் எடுத்தான்.

"என்னண்ணா, பாஸ் ஆயிடுச்சா?"

"வண்டியை நிறுத்து. நிறுத்திட்டு இறங்கி நில்லு."

"நடு ரோட்ல எப்படிண்ணா? மழை கொட்டுது. பாவம், ஒரு பெரியவர் நனைஞ்சுட்டே கை காட்டினாரு. ஏத்திக்கிட்டேன். தலையில துண்டைப் போட்டுக்கிட்டு முன்னாடிதான் உக்காந்திருக்காரு. எங்க போகணும்னு கேட்டா பேசவே மாட்டேங்கிறாரு."

"தம்பி, அவரை இறக்கி விடுடா. நான் சொல்றதைக் கேளு."

மறுமுனையில் மழைச் சத்தம். அதனூடே, தம்பியின் குரல் அல்லாத ஒரு குரல் பிரியமாகச் சொன்னது.

"போனை வை, சின்னவனே."

இணைப்பு அறுந்தது. திரும்பத் திரும்ப அடித்தான். யாரும் எடுக்கவில்லை.

பெரியவன் ஜீப்பை வெறி பிடித்தவன்போல் முடுக்கினான். தம்பி பிழைக்க வேண்டும் என்று உள்ளூரக் கெஞ்சிக்கொண்டேதான் ஓட்டினான். ஆனால் அந்தக் கெஞ்சலுக்கு நடுவிலும் வேறொன்று அவனை அரித்தது. ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள் என்று பன்னிரண்டு வருஷமாகக் கேட்டும், உயிரோடு இருந்தவரை அப்பா அவனுடைய சின்னக் காரில் ஏறியதே இல்லை.