காட்டேரி மாளிகையில் காணாமல் போன சாவு

காலை 11.15. கதாநாயகியின் சாவு காணாமல் போயிருந்தது.

அதாவது, அது பதிவான மெமரி கார்டு. ஏழு வருடமாக ஓடும் காட்டேரித் தொடரில், இளம் விதவையாக வரும் கதாநாயகி கண்ணாடி முன் சரிந்து உயிர் விடும் காட்சியைப் பத்து மணிக்கு எடுத்திருந்தார்கள். அன்று இரவு எட்டு மணிக்கு ஒளிபரப்பு. நகல் கிடையாது. அந்தக் காட்சிக்காகத் திரைச்சீலைகளை நிஜமாகவே கொளுத்தியாகிவிட்டதால் மறுபடி எடுக்கவும் முடியாது. கார்டு கிடைக்காவிட்டால் விதவையை உயிரோடு விட்டுக் கதையை மாற்ற வேண்டியதுதான்.

10.30க்கு ஆர்ட் ஆட்கள் சாம்பலைக் கூட்டி, காட்டேரிப் பிரபு தோன்றும் அடுத்த காட்சிக்கு அறையைத் தயார் செய்தார்கள். 10.45க்கு எல்லோரும் டீக்குப் போனார்கள்.

"நான் பார்த்தேன்," என்றாள் கதாநாயகி. "செட்டுல கட்டில்ல உக்காந்திருந்தேன். எதிர்க்க இருந்த கண்ணாடில தெரிஞ்சுது. மேக்கப் அண்ணன்தான் கேமரா மேஜைலேர்ந்து கார்டை எடுத்தாரு. இனிமே என் கொண்டையக்கூட அவர் தொடக் கூடாது!"

மேக்கப் அண்ணன் கையிலிருந்த பவுடர் டப்பாவை மூடி வைத்தார்.

"இருபது வருஷம் கூட இருந்துட்டு இப்படியாண்ணே?" என்றார் இயக்குநர். "பெட்டியக் கட்டுங்க. இனி எந்த செட்டும் உங்களுக்குக் கிடையாது."

"ஒரு நிமிஷம் சார்."

நோட்டு அக்கா. எந்தக் காட்சியில் எந்தப் பொருள் எங்கே இருந்தது என்று எழுதி வைப்பது அவள் வேலை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் தப்பு செய்து அழுத அவளின் முகத்தைத் துடைத்து, "யாரும் பாக்கல, போய் நில்லும்மா" என்றவர் மேக்கப் அண்ணன். அந்த நன்றியை அவள் மறந்ததே இல்லை.

"எத்தனை மணிக்குப் பார்த்தே?"

"பத்து அம்பது."

"கண்ணாடில முகம் தெரிஞ்சுதா?"

"பளிச்சுன்னு."

நோட்டு அக்கா நோட்டை மூடினாள்.

"நம்ம கதைல காட்டேரிக்குக் கண்ணாடில பிம்பம் விழாது. அதனால பிரபு வர்ற ஒவ்வொரு சீனுக்கும் கண்ணாடியக் கழட்டிட்டு சாம்பல் கலர் பலகையை மாட்டுவாங்க. இன்னைக்கு பத்தரைக்கே மாட்டியாச்சு. போய்ப் பாருங்க சார்."

இயக்குநர் போய்ப் பார்த்தார். பலகை.

"பத்தரைக்கு அப்புறம் நீ செட்டுக்குள்ள வரவே இல்லம்மா. கேமரா மேஜைகிட்ட இருந்தது நீதான். கொண்டைய அவர் தொடக் கூடாதுன்னியே, ஏன்? அவிழ்த்துக் காட்டு."

கொண்டைக்குள்ளிருந்து கார்டு விழுந்தது. கதாநாயகி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"ஏழு வருஷம்க்கா. இன்னைக்கு செத்துட்டா நாளைக்கு என்னை யாரு கூப்பிடுவா?"

மேக்கப் அண்ணன் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. அவளை உட்காரவைத்து, கலைந்த மையைப் பஞ்சால் துடைத்தார்.

"இதைப் போலீஸ் வரைக்கும் கொண்டு போக வேணாம் சார். கார்டுதான் கிடைச்சிடுச்சே."

இயக்குநர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிடுங்கண்ணே."

இரவு 8.22. மேக்கப் அறையின் சின்ன டிவியில் விதவை சரிந்தாள். அவள் முகத்தின் வெளுப்பு நிஜச் சாவு போலவே இருந்தது. மேக்கப் அண்ணன் இரண்டு மணி நேரம் குனிந்து நின்று செய்த வேலை அது.

"நல்லா செத்தேனாண்ணே?" என்றாள் கதாநாயகி.

"பிரமாதமா செத்தம்மா. பார்த்தவன் உன்னைக் கூப்பிடாம இருப்பானா?"

அவள் அவர் கையை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.