ரிப்பன் தொங்குது... ஏறுங்க சார்!

டமார்!

விமானக் கொட்டகையின் தகரக் கூரையில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை!

கீழே சிமெண்ட் தரையில், போர் விமானத்தின் இருக்கை ஒன்று புகைந்துகொண்டு கிடந்தது. நாலடி தள்ளி... மெக்கானிக்!

மூச்சில்லை.

ஆபத்து என்று கைப்பிடியை இழுத்தால், விமானியை உட்கார்ந்த வாக்கில் வானத்தில் தூக்கி எறிகிற இருக்கை அது. தரையில் நிற்கும்போது வெடித்துத் தொலைக்காமலிருக்க, கைப்பிடியில் ஓர் இரும்பு பின் சொருகியிருக்க வேண்டும். பின்னின் முனையில் சிவப்பு ரிப்பன். ரிப்பன் தொங்கினால் மெக்கானிக் தைரியமாக ஏறலாம்.

மறுநாள் காலை. விசாரணை அறை.

"கையெழுத்துப் போடும்மா."

காகிதத்தைத் தள்ளியவர் கொட்டகையின் அதிகாரி. சட்டையின் விறைப்பைப் பார்த்து ஊழியர்கள் வைத்த பெயர், கஞ்சி.

எதிரே இறந்தவனின் மனைவி. அதே விமானத் தளத்தில் தையல்காரி. பாராசூட்டிலிருந்து ரிப்பன் வரை எல்லாம் அவள் கைத்தையல்தான்.

"என்ன எழுதியிருக்கு?"

"உன் வீட்டுக்காரர் பின் சொருகாம ஏறிட்டார். அஜாக்கிரதை. அவ்வளவுதான்."

"மாட்டேன்."

"என்னது?"

"காது கேக்கலையா? மாட்டேன்னேன்!"

விசாரணை நடத்த வந்திருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். "ஏம்மா?"

"அவரு ரிப்பனைப் பாக்காம ஏணியில காலே வைக்க மாட்டாரும்மா! 'நீ தைச்சது தொங்கினா, நீயே பக்கத்துல நிக்கற மாதிரி'ம்பாரு..." குரல் உடைந்தது. உடனே நிமிர்ந்தாள். "போன மாசம் இவர் பன்னெண்டு ரிப்பன் தைக்கச் சொன்னார். ஆனா வந்து சேர்ந்த இரும்பு பின்னு ஆறுதான்! மிச்ச ஆறு ரிப்பன் எதுல தொங்குதுன்னு கேளுங்க!"

"உளறாதே! துக்கத்துல மூளை குழம்பிடுச்சு இவளுக்கு!"

"என் மூளை நல்லாத்தான் இருக்கு. கொட்டகைக்கு வாங்க சார், பாத்துடுவோம்!"

போனார்கள்.

பக்கத்து விமானம். இருக்கையில் சிவப்பு ரிப்பன் அழகாகத் தொங்கியது.

"ஏறி உக்காருங்க சார். கைப்பிடியை ஒரு இழு இழுங்க."

"அது... என் வேலை இல்ல."

"எல்லா இருக்கையிலயும் பின் இருக்குன்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானே?" அம்மாள் கேட்டாள். "ஏறுங்க!"

கஞ்சி ஒரு படி ஏறினார். இரண்டாவது படியில் கால் நின்றுவிட்டது. சட்டை தொப்பலாக நனைந்து, விறைப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"தள்ளுங்க!"

தையல்காரி அவரை இடித்துக்கொண்டு ஏறினாள். உட்கார்ந்தாள். இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பிடித்தாள்!

"ஏய்... இறங்கு!"

"ஏன் சார்? ரிப்பன்தான் தொங்குதே! ஒண்ணு..."

"சொன்னா கேளு!"

"ரெண்டு..."

கஞ்சி ஏணியிலிருந்து குதித்தார். விழுந்தார். எழுந்து ஓடினார்!

"இழுக்காதேடி பாவி! அதுல பின் இல்ல! வெறும் ரிப்பன்!!"

இழுத்தாள்.

...

ஒன்றும் நடக்கவில்லை! கைப்பிடி இம்மிகூட அசையவில்லை.

தையல்காரி ரிப்பனைத் தூக்கிக் காட்டினாள். அடியில் பளபளவென்று ஓர் இரும்பு பின்!

"ரிப்பன் அளவு பாக்கன்னு ஒரு பின் என்கிட்ட குடுத்தீங்களே சார்... மறந்துட்டீங்களா? இன்னிக்குக் காலையில நானே வந்து சொருகினேன்!"

கஞ்சி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "தணிக்கைக்கு வர்றவங்க... தூரத்துல நின்னுதான் பாப்பாங்க. அதான் வெறும் ரிப்பனைக் கட்டினேன்... மிச்ச பின்னு வந்து சேர்ந்ததும் மாட்டிக்கலாம்னு..."

"அதுக்குள்ள அவரு ஏறிட்டாரே சார்!"

அம்மாள் 'அஜாக்கிரதை' காகிதத்தை நாலாகக் கிழித்தாள். வாசல் காவலரைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

தையல்காரி இறங்கினாள். அடக்கி வைத்திருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, காவலரிடம் சிக்கியிருந்த கஞ்சியின் முன்னால் போய் நின்றாள்.

"ஒண்ணு தெரிஞ்சுக்குங்க சார். பின் இல்லாட்டியும்... பின்விளைவு உண்டு!"