கொலுசு அட்டை

ஞாயிற்றுக்கிழமை மாலையானால் திருச்சியின் அந்த அடுக்ககத்து மொட்டைமாடியில் எல்லாரும் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். மஞ்சள் தடவிய மூலை வருமாறு வெட்டிய அட்டைக்கு மவுசு அதிகம். ஒரு பக்கம் பிள்ளைகள் படம் வரைவார்கள். மறுபக்கம் பெரியவர்கள் நினைவுமை பூசுவார்கள். ஈரம் காய்வதற்குள் அட்டையை நெற்றியில் வைத்து ஒரு சம்பவத்தை நினைத்தால் அது அட்டைக்குள் இறங்கிவிடும். வாங்கியவர் தம் நெற்றியில் வைத்தால் அவருக்குள் ஏறிவிடும். நினைவுமை நகல் எடுக்காது, அப்படியே பெயர்த்தெடுத்துவிடும். அதனால்தான் மாற்றிக்கொள்வதில் அவ்வளவு ருசி. கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது என்பதுதான் மாடியின் ஒரே சட்டம்.

தன் மகள் இமயா முதன்முதலில் நடந்ததைச் சுகந்தி போன வருஷம் அட்டையாக்கினாள். கொலுசுக் கால்களை இமயாவே கிரேயானில் வரைந்தாள். எதிர்வீட்டு பிலோமினா பதிலுக்குத் தான் பார்த்த காஷ்மீர்ப் பனியைக் கொடுத்தாள். பனியாம் பனி! ஆனால் அன்று சுகந்திக்கு அது பெரிசாகத்தான் இருந்தது. பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறாள், இன்னும் எவ்வளவோ சேர்ந்துவிடும் என்று நினைத்தாள்.

ஆடியில் வந்த காய்ச்சல் இமயாவைக் கொண்டுபோய்விட்டது.

துக்க வீட்டில் பெற்றவள் வாயடைத்து உட்கார்ந்திருக்க, பிலோமினாதான் கதறி அழுதாள். இவளுக்கு என்ன வந்தது என்று ஊர் பேசியது. சுகந்திக்கு மட்டும் காரணம் தெரியும். இமயா முதன்முதலில் நடந்த பழைய காணொளியில் தானே கைநீட்டி நிற்பதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். யாரோ நிற்பது போலத்தான் இருந்தது. கடைசியில் வெட்கத்தை விட்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"கேக்கக் கூடாதுன்னு தெரியும்க்கா. ஆனா எனக்குள்ள அவ நடக்கவே இல்ல."

பிலோமினா அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். பிலோமினாவுக்குப் பிள்ளை இல்லை.

"தினமும் காலைல அத நெனச்சுக்கிட்டுத்தான் எந்திரிக்கிறேன், சுகந்தி," என்றாள். பிறகு அலமாரியிலிருந்து அதே அட்டையை எடுத்து வந்து, புதிதாக மை பூசி, நெற்றியில் வைத்தாள். அட்டையை நீட்டியபோது முகத்தில் அத்தனை நாள் இருந்த பாரம் போயிருந்தது. காபி போட்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனாள்.

சுகந்தி அட்டையை நெற்றியில் அழுத்தினாள். கொலுசு குலுங்கியது. இமயா தத்தித் தத்தி வந்து கைக்குள் விழுந்து சிரித்தாள். எல்லாம் இருந்தது. ஆனால் செடியைப் பெயர்ப்பது போல, இருந்த இடத்தின் மண்ணோடுதான் அந்த மை எதையும் பெயர்க்கும். நெஞ்சில் எழுந்தது பெற்றவளின் பூரிப்பு அல்ல. இது நம் பிள்ளையாக இருந்திருக்கக் கூடாதா என்ற பிலோமினாவின் ஏக்கம். அதைத் தள்ளிவிட்டுப் பார்க்க முயன்றாள். முடியவில்லை.

பிலோமினா காபியோடு வந்தாள். "இமயாவ நெனச்சு அழுவுறியா? பாவம், நல்ல பிள்ள," என்றாள், எதிர்வீட்டுக்காரியின் குரலில்.

சுகந்தி மறுபடியும் கண்ணை மூடினாள். இமயா மறுபடியும் நடந்து வந்தாள். யார் பெற்ற பிள்ளையோ, எவ்வளவு அழகாக நடக்கிறது என்று அவள் மனம் ஏங்கியது.