உள்வரும் காற்று, பத்தொன்பது டிகிரி

திங்கட்கிழமை காலை மாப்பிள்ளை தன் சிவப்புக் காரைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினார். இறங்குவதற்கு முன் ஆக்சிலேட்டரை இரண்டு மிதி மிதித்து உறுமவைத்தார். வந்திருப்பது யார் என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டாமா.

எங்கள் முதலாளியின் தங்கை கணவர் அவர். முதலாளியை ஊரே புரொபசர் என்றுதான் அழைக்கும். கல்லூரிக்குள் அவர் கால் வைத்தது ஒரே நாள், அங்கே பிரின்சிபால் வண்டி ஸ்டார்ட் ஆகாத அன்று. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மூன்று சான்றிதழ்கள் தொங்கும். மூன்றும் கலந்துகொண்டதற்கு. நான் அவரிடம் ஒயரிங் வேலை பார்ப்பவன்.

இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று தீர்மானிக்கிற சின்னக் கம்ப்யூட்டர் எல்லாக் காரிலும் உண்டு. கம்பெனி கொடுத்ததைக் கழற்றிவிட்டு வேறொன்று பூட்ட மாப்பிள்ளைக்கு ஆசை. புரொபசர் மேசையில் வகைகளின் படங்களைப் பரப்பினார். ஒன்று, பழைய கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லி வேலை வாங்குகிற குட்டிப் பெட்டி. இன்னொன்று, ஒவ்வொரு எண்ணையும் நாமே உட்கார்ந்து நிரப்ப வேண்டியது. மூன்றாவது படத்தின் மேல் விரலை வைத்தார்.

"இதுதான் உங்க தகுதிக்கு, மாப்பிள்ளை. தானா கத்துக்கும். ஓட்டுறவர் பழக்கம் என்னன்னு பாத்துப் பாத்து மனசுல வச்சுக்கும்."

"என்னைப் பத்திக் கத்துக்கிட்டா அதுக்கும் தலைக்கனம் வந்துடுமே, மச்சான்."

புதுசு வர மூன்று மாதம் ஆகும். புரொபசரிடம் அதே வகையில் பழையது ஒன்று இருந்தது. அதன் இடுக்கில் காய்ந்த பாசி ஒட்டியிருந்தது. எந்தக் காரிலிருந்து கழற்றியது என்று விற்றவன் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஒயர்களைக் கட்டி முடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. வியாழக்கிழமை காரை டைனோ அறையில் ஏற்றினோம். தரையில் பதித்த உருளைகள் மேல் கார் நின்ற இடத்திலேயே ஓடும், லேப்டாப் எல்லாவற்றையும் கோடுகளாக வரையும். அறைக்கு ஜன்னல் கிடையாது. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்கக் கறுப்பு நுரைத்தட்டு. சூடான ரப்பர் வாசனை. பேசினால் குரல் உதட்டிலேயே செத்துவிடும்.

பழைய பெட்டிக்குள் யாரோ நிரப்பிய எண் அட்டவணை, நாங்கள் மேப் என்போம், அழிக்கப்படாமல் கிடந்தது. முதலில் அதை அழிப்பதுதான் தொழில். புரொபசர் சும்மா ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். இன்ஜின் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஏறியது. ஒரு திணறல் இல்லை, ஒரு தட்டல் இல்லை.

அவர் நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்.

"ராத்திரி பகலா உக்காந்து போட்டுட்டேன், மாப்பிள்ளை. கலைன்னா இது."

நான் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இன்ஜினை மெதுவாக ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது கார் அப்படியே நின்றது. லேப்டாப்பில் மட்டும் ஒரு பயணம் பதிவாகியிருந்தது. கிளம்பி, நாற்பதாவது வினாடியில் ஒரு சிக்னலில் நின்று, மறுபடி கிளம்பி, வேகத்தடையில் தணிந்து, ஒரு வளைவு கடந்து, நீண்ட நேர்ச்சாலை. ஐந்தரை நிமிடத்தில், ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கிற த்ராட்டில் நூறு சதவீதம். நான்கு வினாடி. பிறகு எல்லாக் கோடுகளும் பூஜ்ஜியம்.

ஒன்றைத் தவிர. இன்ஜினுக்குள் போகிற காற்றின் வெப்பம் நாற்பத்து நான்கிலிருந்து பத்தொன்பதுக்கு விழுந்து, அங்கேயே நின்றது.

"எர்த் சரியில்ல. உன் ஒயரிங்தான்," என்றார் புரொபசர்.

எர்த்தை மாற்றினேன். அருகிலேயே நின்று பார்த்தோம். அதே சிக்னல். அதே வளைவு. முந்தைய கோட்டின் மேல் புதுக் கோடு மயிரிழை பிசகாமல் படிந்துகொண்டே போனது.

ஐந்தரை நிமிடம்.

யாரும் உட்காராத காரில் இன்ஜின் அலறியது. பெடல் அசையவில்லை. நான்கு வினாடியில் அடங்கிவிட்டது.

"அழிச்சிடலாம், புரொபசர்," என்றேன். ஏனோ ரகசியமாகத்தான் சொல்ல வந்தது.

"அழிச்சா திரும்ப வராதுடா இது."

"நீங்கதான் ராத்திரி பகலா போட்டதாச்சே. இன்னொரு தடவை போடலாமே."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை போயிருக்க வேண்டும். போகவில்லை.

சனிக்கிழமை மதியம் மாப்பிள்ளை மனைவியோடு வந்து காரை எடுத்தார். புரொபசர் தங்கையைப் பாப்பா என்பார். முப்பது வயதுப் பாப்பா. ஜன்னல் வழியாக அண்ணனுக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனாள். புரொபசர் மேசைக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தார்.

"பெட்டியோட சிம் கார்டு ஒண்ணு கோத்திருக்கேன். நான் இங்கிருந்தே பாப்பேன். ஏதாவதுன்னா இங்கிருந்தே ஒரு பட்டன், கார் நின்னுடும்."

திரையில் கோடு நகர்ந்தது. நாற்பதாவது வினாடியில் கார் நின்றது. கிளம்பியது. வேகத்தடை.

புரொபசரின் கை போனைத் தேடியது. பாப்பாதான் எடுத்தாள்.

"சொல்லுண்ணா. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

"மாப்பிள்ளை, வண்டிய ஓரமா நிறுத்துங்க."

"எதுக்கு மச்சான்? தங்கமாப் போகுது. நீங்க போட்ட மேப்பு மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

புரொபசர் வாயைத் திறந்தார். நான் திரையின் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் பத்து வினாடி. சொல்ல வேண்டியது ஒரே வரி. சுவரில் மாட்ட முடியாத வரி. அது அவர் தொண்டையில் பதினோரு வினாடி நின்றது.

"அது நான் போட்டது இல்ல, மாப்பிள்ளை."

எதிர்முனையில் சிரிப்பு. "பாத்தியா, உன் அண்ணனோட தன்னடக்கத்த."

த்ராட்டில் நூறு.

"மச்சான். நான் மிதிக்கல."

புரொபசர் பட்டனை அழுத்தினார். திரையில் சின்னக் கட்டம் ஒன்று எழுந்தது. கடவுச்சொல் கேட்டது. அந்தப் பெட்டிக்குள் அவர் அதுவரை ஒரு எண்ணைக்கூட மாற்றிப் பார்த்ததில்லை. தன் பெயரை அடித்தார். தங்கை பெயரை அடித்தார். தவறு. தவறு.

"பாப்பா, சாவியத் திருப்பும்மா."

ஒரு கிளிக். டயர் தேய்கிற ஓசை. பிறகு அமைதி.

"நின்னுடுச்சுண்ணா." அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஒண்ணும் ஆகல. சும்மா காலி ரோடு. ரெண்டு பக்கமும் பொட்டக்காடு."

புரொபசர் நாற்காலியில் சரிந்தார். எனக்குக்கூடச் சிரிப்பு வந்தது.

திரையில் வெப்பம் நாற்பத்து நான்கு.

முப்பத்தொன்று.

பத்தொன்பது.

"அண்ணா, கீழ ஈரமா இருக்கு."

"ஏசி தண்ணியா இருக்கும்மா. குழாய் அடைச்சிருக்கும்," என்றார் புரொபசர். விளக்கம் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது.

"ஏசி இவ்ளோ வராதுண்ணா. முட்டி வரைக்கும் வந்துடுச்சு."

"இறங்கிடு. கதவத் திற."

"திறக்கல. அவரும் இடிக்கிறாரு." அவள் குரல் தாழ்ந்தது. "வெளிய காஞ்சுதான் கிடக்கு. உள்ளதான்."

ஆறு நிமிடத் தூரம். நான் வண்டியை ஓட்டினேன். புரொபசர் போனைக் காதோடு அழுத்தியிருந்தார். முதலில் தங்கையிடம் பேசிக்கொண்டு வந்தார். பிறகு கேட்டுக்கொண்டு மட்டும் வந்தார். என்ன கேட்கிறது என்று நான் கேட்கவில்லை.

நேர்ச்சாலையின் நடுவில் சிவப்புக் கார் வெயிலில் நின்றது. சுற்றிலும் ஒரு சொட்டு ஈரமில்லை. கதவு தொட்டதும் திறந்தது. மிதியடியில் தூசி. சீட் காய்ந்திருந்தது.

இருவரும் பெல்ட் போட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். கண்கள் திறந்திருந்தன. கன்னங்கள் உப்பி, உதடுகள் இறுக மூடியிருந்தன.

மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாப்பா, வந்துட்டேன்டி. மூச்சு விடு. தண்ணியே இல்லம்மா, பாரு."

நான் பானெட்டைத் திறந்து, நானே கட்டிய ஒயர்களை ஒன்றுவிடாமல் வெட்டினேன். பெட்டியைப் பிடுங்கித் தூர எறிந்தேன். திரும்பி வந்து பார்த்தேன்.

புரொபசர் மண்டியிட்டு அவள் முகத்தை இரண்டு கைகளிலும் ஏந்தியிருந்தார். "நான் பொய் சொன்னேன் பாப்பா, நான் போட்டது இல்ல," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் கண்கள் அவர் பக்கம் திரும்பின. வாயைத் திறக்கக் கூடாது என்பதுபோல மெல்லத் தலையை ஆட்டினாள்.

காற்றில்லாத மதியம். அவிழ்ந்திருந்த அவள் கூந்தல் தோளில் விழவில்லை. முகத்தைச் சுற்றி, மேல் நோக்கி, நிதானமாக அலைந்துகொண்டிருந்தது.