ஓட்டைக் கப்பலின் மாலுமிகள்

மாடிப்படிக்குக் கீழே ஒரு கப்பல் மூழ்கிக்கொண்டிருந்தது.

"ஓட்டையை அடைங்கடா! தண்ணி உள்ள வருது!"

"நீ போய் அடை! என் ஆளு கொடிமரத்துல இருக்கான்!"

கத்தல் மூன்றாவது மாடிவரை கேட்டது. கப்பல் என்பது வேறொன்றுமில்லை, ஒரு பழைய கதவு. அதை இரண்டு முக்காலிகள்மேல் படுக்கவைத்து, சுண்ணக்கட்டியால் கப்பல் வரைந்திருந்தார்கள். அதன்மேல் விரல் உயரத்தில் குட்டிக் குட்டி மாலுமிகள். பகடை உருட்டி, நூலால் அளந்து அவர்களை நகர்த்த வேண்டும். இரண்டு கட்சி, ஒரே கப்பல். சுக்கானை யார் பிடிக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. ஆனால் சண்டை மும்முரத்தில் ஓட்டையை மறந்தால் இரண்டு கட்சியும் அம்பேல்!

இதைக் கண்டுபிடித்தவள் மிளகு. ஆறாம் வகுப்பு. ஆள் சின்னது, வாய் காரம். அதனால்தான் அந்தப் பெயர்.

மிளகின் அம்மா கட்டுப்பல் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தாள். அங்கே பல் அச்சு எடுக்கும் வெள்ளை மாவில் மூட்டையின் அடியில் மிஞ்சுவதை வீட்டுக்குக் கொண்டுவருவாள். மிளகு அதைக் கரைத்துக் களிமண் அச்சில் ஊற்றி, காயவைத்து மாலுமிகள் செய்வாள். வண்ணம் பூசுவது அவளுடைய வகுப்புத் தோழன் ஒட்டடை. ஒட்டடைக் குச்சி மாதிரி நெடுநெடுவென்று வளர்ந்தவன். கடுகளவு முகத்தில்கூட மீசை வரைந்துவிடுவான்.

"யார் வேணும்னாலும் வாங்க. சும்மாவே விளையாடலாம்" என்று மிளகு சொல்லியிருந்தாள்.

வந்தார்கள். கும்பல் கும்பலாக வந்தார்கள். மாலுமிகளுக்குக் கை உடைந்தது, கால் உடைந்தது. சில மாலுமிகள் யாருடைய சட்டைப்பையிலோ ஏறிக் காணாமலே போனார்கள். மிளகு புதிது புதிதாகச் செய்துகொண்டே இருந்தாள். ஒட்டடை பூசிக்கொண்டே இருந்தான்.

ஒருநாள் அம்மா வெறுங்கையோடு வந்தாள்.

"இனிமே மாவு மிஞ்சாது கண்ணு. சின்ன மூட்டையா வாங்க ஆரம்பிச்சுட்டாங்க."

அதே வாரம் ஒட்டடையின் சிவப்பு வண்ணம் தீர்ந்தது. பிறகு நீலமும் தீர்ந்தது.

மிளகு ஒரு அட்டைப்பெட்டியில் துளை போட்டு, 'கப்பலுக்கு உதவுங்கள். மாவு, வண்ணம், காசு எதுவானாலும் சரி' என்று எழுதிக் கப்பலருகே வைத்தாள். ஒரு வாரம் கழித்து இருவரும் ஆசையாகத் திறந்து பார்த்தார்கள். உள்ளே ஒரு சட்டைப் பொத்தானும் இரண்டு மிட்டாய்த் தாளும் இருந்தன. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'கப்பல் தலைவனுக்கு மூக்கு கோணல். சீக்கிரம் சரி பண்ணவும்.'

ஒட்டடைக்கு முகம் சிவந்தது. "நாளையிலேர்ந்து காசு குடுத்தாதான் ஆட்டம். ஒழுங்கா சொல்லிடு."

"சும்மான்னு சொல்லித்தானே கூப்பிட்டோம்? இப்ப எப்படி மாத்துறது?"

"உனக்கென்ன, நல்ல பேரு வாங்கிக்கற! என் வண்ணமெல்லாம் போச்சு. அது என் பொறந்தநாளுக்கு அப்பா வாங்கிக் குடுத்தது."

"நான் கேட்டேனா? நீயாத்தானே பூசின!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. ஒட்டடை தன் பையைத் திறந்தான். வண்ணம் பூசிய மாலுமிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். வெள்ளையாக நின்ற சிலர் மட்டும் கப்பலில் மிஞ்சினார்கள்.

மறுநாள் கும்பல் வந்தது.

"பாதிப் பேரைக் காணோமே!"

"இனிமே வராது" என்றாள் மிளகு.

"அப்ப புதுசு எப்ப செய்வ?"

"மாவு இல்ல."

"அட போ! வாங்கடா, பந்து விளையாடலாம்."

அவள் கண் ஏன் வீங்கியிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சாயங்காலம் அவள் ஒட்டடையின் வீட்டுக்குப் போனாள். அவனே கதவைத் திறந்தான்.

"உன் வண்ணத்துக்கு நான் ஒரு தடவைகூட நன்றி சொல்லல. தப்புதான். மன்னிச்சுடு."

"சரி" என்றான் ஒட்டடை.

"விளையாட வருவியா?"

"வரல."

கதவை மெதுவாகச் சாத்தினான். படாரென்று அறைந்து சாத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று மிளகுக்குத் தோன்றியது.

திரும்பி வந்து கப்பலின் முன்னால் தனியாக உட்கார்ந்தாள். தன்னோடு தானே ஆட நினைத்தாள். ஆள் போதவில்லை. கையில் கிடைத்த சட்டைப் பொத்தானை ஒரு மாலுமியாக நிறுத்தினாள். பகடை உருட்டினாள். நூலால் அளந்தாள். பொத்தான் ஓடிப்போய் ஓட்டையை அடைத்தது. மாலுமியேதான்! ஒரு குறையும் இல்லை.

மறுநாள் பந்து விளையாடும் இடத்துக்கே போய்ச் சொன்னாள். "நாளையிலேர்ந்து உங்க ஆளை நீங்களே கொண்டு வரணும். எதுவா இருந்தாலும் சரி."

"முன்னாடி நீதானே குடுத்த?" என்று முணுமுணுத்தார்கள்.

இருந்தாலும் வந்தார்கள். பேனா மூடி, புளியங்கொட்டை, சதுரங்கச் சிப்பாய் எல்லாம் கப்பலேறின. ஒருவன் விழுந்துபோன தன் பல்லையே கொண்டுவந்து, "இவர்தான் தலைவர்!" என்றான்.

"கட்டுப்பல் வேணும்னா எங்கம்மாகிட்ட சொல்லு" என்றாள் மிளகு.

சொந்த ஆள் என்பதால் யாரும் எதையும் உடைக்கவில்லை. யாரும் எதையும் தூக்கிக்கொண்டு போகவும் இல்லை. ஒட்டடை மட்டும் வரவே இல்லை. வகுப்பில் எதிரே வந்தாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு போனான்.

போகப் போக இன்னொன்றும் நடந்தது. சொந்த மாலுமி இருந்தால் சொந்தக் கப்பல் வரையவும் ஒரு சுண்ணக்கட்டி போதும் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மொட்டைமாடியில் ஒரு கப்பல், வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு கப்பல். மாடிப்படிக்குக் கீழே கூட்டம் குறைந்தது. கடைசியில் யாருமே வரவில்லை.

ஒரு விடுமுறை நாளில், அம்மாவுக்கு மருந்து வாங்க அடுத்த தெருவழியாகப் போனாள் மிளகு. அங்கே ஒரு வாசலில் முன்பின் தெரியாத பிள்ளைகள் தரையில் கப்பல் வரைந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அவள் நின்றுவிட்டாள்.

"விளையாடறீங்களா அக்கா?" என்றாள் ஒரு பொடிப்பெண். "தெரியாட்டி நான் சொல்லித் தரேன்."

மிளகு தரையிலிருந்த கப்பலைக் காட்டினாள். "இதை யாரு கண்டுபிடிச்சது?"

"யாரும் இல்ல. இது ரொம்பக் காலமா இருக்கு."

மிளகு மூன்று கூழாங்கற்களை மாலுமிகளாகப் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு சுற்றிலேயே அவளுடைய ஒரு மாலுமி ஓட்டையை அடைத்தான். அடுத்த முறை அவனை நகர்த்தப் போனாள்.

"ஐயே! ஓட்டையை அடைச்ச ஆளு அங்கேயேதான் நிக்கணும். அதுதான் விதி."

"அப்படி ஒரு விதியே கிடையாதே!"

"உங்களுக்குத்தான் இந்த ஆட்டம் தெரியாதே" என்றாள் பொடிப்பெண் பொறுமையாக.

 மிளகு அந்த விதியை யோசித்துப் பார்த்தாள். கொடுமையான விதிதான். ஆனால் அவள் போட்ட விதியைவிட நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அடுத்தடுத்து விழுந்த மூன்று ஓட்டைக்கு மூன்று பேரையும் நிறுத்தியதில் சுக்கானுக்கு ஆளே இல்லை. மிளகு தோற்றுப்போனாள்.

"விடுங்கக்கா" என்று பொடிப்பெண் அவள் முதுகில் தட்டினாள். "முதல் தடவை எல்லாரும் இப்படித்தான் தோப்பாங்க."

"ஓகோ, அப்படியா?" என்றாள் மிளகு, பகடையைக் கையில் எடுத்துக்கொண்டு. "அப்ப இன்னொரு ஆட்டம் போடு."